தேசிங்கு பார்க்காத திசை

“எங்கப்பன் எழுந்து வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். கவர்மெண்டு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். எமனே வந்து, ‘தேசிங்கு, எடத்தச் சொல்லு, உன்ன வுட்டுட்டுப் போறேன்’னு பேரம் பேசுனான்னு வெச்சுக்க, ‘நீ கயித்தப் போடு நைனா, நான் கெளம்பறேன்’னுடுவேன். அந்த எடம் என்னோட வந்துச்சு. என்னோடதான் போவும்.”

1988ஆம் வருடம் மாசி மாதம், புதுப்பட்டினம் குப்பத்து மீன் ஏலக் களத்தில், முப்பது பேர் முன்னிலையில் தேசிங்கு விடுத்த பிரகடனம் இது. அந்த முப்பது பேரில் ஒருவரும் அவரிடம் எந்த இடத்தையும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம். அன்று அவரிடம் கேட்கப்பட்டது, “பீடி கீதா அண்ணாத்த?” என்பது மட்டும்தான். ஆனால் பெரிய மனிதர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. தங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறார்கள்.

பக்கத்தில் கல்பாக்கத்தில் அணு சம்பந்தமான ரகசியங்கள் இருந்தன. அவற்றுக்கு மதில் இருந்தது, முள்கம்பி இருந்தது, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற காவலர் இருந்தார். தேசிங்குவின் ரகசியத்துக்கு இவை ஒன்றும் கிடையாது. அது திறந்த கடலில், பதினான்கு பாகம், அதாவது எண்பது அடிக்கு மேல் ஆழத்தில், யார் வேண்டுமானாலும் மேலே படகோட்டிப் போகலாம் என்கிற நிலையில் கிடந்தது. அப்படியும் ஒருவருக்கும் தெரியாமல் அதை இருபத்தெட்டு வருடம் கட்டிக் காத்தார் என்றால், பாதுகாப்புத் துறையில் யாருக்குத் திறமை அதிகம் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

நடுக்கடலில் தெருப் பலகை கிடையாது. ஒரு இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கரையைத்தான் பார்க்க வேண்டும். கரையில் தெரிகிற இரண்டு பொருள்களை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நேராக வரும்படி நிறுத்திக்கொள்வார்கள். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேறு இரண்டு பொருள்களை அதேபோல நிறுத்தினால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் நங்கூரமாகக் கல்லைக் கட்டி இறக்கினால், நேற்று மீன் கிடைத்த அதே இடம். இதற்கு ‘அடையாளம்’ என்று பெயர். குப்பத்தில் ஒருவன் பெண்ணைக் கொடுப்பான், படகைக் கொடுப்பான். அடையாளத்தைக் கொடுக்க மாட்டான்.

தேசிங்குவுக்கு அவருடைய இடம் 1971இல் கிடைத்தது. கட்டுமரத்தின் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டது. அன்றைக்கு முப்பத்தொரு வயது, இழுத்த இழுப்பில் நங்கூரத்தோடு ஒரு அலுமினியத் தகடும் வந்தது. கதவளவு தகடு, ஓரமெல்லாம் வரிசையாக ஆணி. வெள்ளைக்காரன் ஆண்ட சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் ஒரு ஏரோப்ளேன் விழுந்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. தேசிங்கு தகட்டைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஒரு முடிவுக்கு வந்தார். ஏரோப்ளேன் இதுதான், இனிமேல் இது நம்முடையது.

மணல் தரையில் இரும்போ கல்லோ கிடந்தால் மீன் அங்கே குடிவந்துவிடும். கொடுவா, சங்கரா, கலவா என்று கூடை கூடையாக வந்தது. தகடு தேசிங்கு வீட்டுக் கோழிக் கூட்டுக்குக் கதவாயிற்று.

ரகசியத்தைக் காக்க அவர் கையாண்ட முறைகளைத் தனியாக எழுதலாம். கிழக்கே போக வேண்டுமானால் முதலில் தெற்கே போவார். பின்னால் எவனாவது வந்தால் வெறும் மணலில் கல்லை இறக்கி, தூண்டிலில் இரையே மாட்டாமல் மத்தியானம் வரைக்கும் தவம் இருப்பார். இப்படிப் பின்னால் வந்தவன் பெரும்பாலும் நரசிம்மன். தேசிங்குவைவிட நாலு வயது இளையவன், மச்சான் முறை. முப்பது கெஜ தூரத்தில் அவனும் கல்லை இறக்கி, அவனும் தவம் இருப்பான். இரண்டு கெட்டிக்கார மீனவர்கள் மீனே இல்லாத இடத்தில், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, வெயிலில் காய்ந்து, வெறும் கையோடு கரை திரும்பிய நாட்கள் வருடத்துக்கு இருபதாவது இருக்கும்.

“எங்க கெடச்சுது?” என்று சந்தையில் கேட்டால், அவர் மனைவி கன்னியம்மா, “கூவத்தூருக்குத் தெக்கால” என்பாள். இருபத்தெட்டு வருடமும் அதே பதில். அதை நம்பிக் கூவத்தூருக்குத் தெற்கே போய் வலை போட்டவர்களின் சாபமெல்லாம் அவளுக்குத்தான்.

மகன் ஜெயக்குமார் ஒரு நாள் கேட்டான். “எனக்காவது சொல்லு நைனா.” 

“உனக்கு இன்னும் வயசாவலடா.” 

அப்போது ஜெயக்குமாருக்கு முப்பத்திரண்டு. அவன் தாம்பரத்துக்குப் போய் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்துவிட்டான்.

1998இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒருவர் மீன் வாங்கக் குப்பத்துக்கு வந்தார். துணைக்கு அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணனும் வந்தார். லக்ஷ்மிநாராயணன் ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி. கும்பகோணத்துக்காரர். மீனுக்கும் அவருக்கும் இருந்த உறவு, அவர் மூக்கில் அழுத்திப் பிடித்திருந்த கைக்குட்டையோடு சரி. கன்னியம்மா தன் வீட்டு வாசலில் ஒரு கலவாவின் வயிற்றைக் கிழித்ததும் அவர் முகத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மறுபக்கம் கோழிக் கூடு இருந்தது.

லக்ஷ்மிநாராயணனுக்கு உலகத்தில் மூன்று விஷயங்கள் பிடிக்கும். அணு, டிகிரி காப்பி, பழைய விமானங்கள். அவர் கோழிக் கூட்டின் முன் மண்டியிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆணிகளை எண்ணினார். 

“இன்னா சார், கோழி வேணுமா?” என்றாள் கன்னியம்மா. “சேவல் ஒண்ணு கீது, குடுக்கட்டா?”

“கோழி வேண்டாம்மா. கதவு எங்கேருந்து வந்தது?”

கன்னியம்மா புருஷனைப் பார்த்தாள். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த தேசிங்கு தலை நிமிரவில்லை. “கரையில ஒதுங்குச்சு சார். பொயலப்போ.”

தகட்டின் உள்பக்கம் சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருந்தன. லக்ஷ்மிநாராயணன் அவற்றைப் பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் ஒன்பது மாதம் அவர் கடிதம் எழுதினார். ஒரு அலுவலகம் அவருடைய கடிதம் பரிசீலனையில் இருப்பதாகத் தெரிவித்தது. இன்னொரு அலுவலகம் அவர் எழுத வேண்டியது முதல் அலுவலகத்துக்கு என்று தெரிவித்தது. கடைசியில், காணாமல்போன விமானங்களின் எண்களைச் சேகரிப்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கம்ப்யூட்டர் வழியாகப் பதில் போட்டார். 1943 அக்டோபரில் சென்னையிலிருந்து கடல் ரோந்துக்குக் கிளம்பித் திரும்பாத விமானம். உள்ளே நாலு பேர். மூன்று பேர் வெள்ளைக்காரர்கள். நாலாவது ஆள் வயர்லெஸ் பார்த்தவர். பெயர் ஜானகிராமன், வயது இருபத்துமூன்று, ஊர் செங்கல்பட்டு.

லக்ஷ்மிநாராயணன் அடுத்த ஞாயிறு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார். மூன்று தெரு அலைந்து, நாலாவது தெருவில், விடுமுறையில் வீட்டிலிருந்த ஒரு தபால்காரரைப் பிடித்தார். “ஓ, காணாமப் போனவர் வூடா? பச்சைக் கேட்டு சார்” என்று அவர் கையைக் காட்டினார். ஐம்பத்தைந்து வருடமாக அந்த வீட்டுக்கு அதுதான் விலாசம்.

பச்சைக் கேட்டுக்குள் ஜானகிராமனின் மகள் சியாமளா இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். அப்பா போன மூன்றாம் மாதம் பிறந்தவர். அம்மா சாரதாம்பாள் மூன்று வருடத்துக்கு முன்புதான் காலமாகியிருந்தார். லக்ஷ்மிநாராயணன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அழப்போகிறாரோ என்று அவர் பயந்துகொண்டிருக்கும்போது சியாமளா கேட்டார்: “எந்தப் பஸ்ல போகணும்?”

1999ஆம் வருடம் மாசி பிறந்து கடல் தெளிந்ததும் இருவரும் குப்பத்துக்கு வந்து பஞ்சாயத்தாரைப் பார்த்தார்கள். விமானம் இந்தக் கடலில்தான் எங்கோ கிடக்கிறது, தேடிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். பஞ்சாயத்தார் கூடிப் பேசவே இல்லை. கடலுக்கடியில் கிடப்பதைத் தேடுவதென்றால் இந்தக் குப்பத்தில் ஒரே ஆள்தான், தேசிங்கு என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பத்து வருடமாக ஏலக் களத்தில் வளர்த்த புகழ், அவரைக் காலைக் கட்டி இழுத்துவந்து சியாமளாவின் முன் நிறுத்தியது.

“தேடிடலாம் மேடம்” என்றார் தேசிங்கு. வேறு என்ன சொல்வார்?

அவர் கவலையைப் புரிந்துகொள்ள வேண்டும். லக்ஷ்மிநாராயணனிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சோப்பு டப்பா அளவு. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் அனுப்பியது. ஒரு இடத்தில் நின்று பொத்தானை அமுக்கினால் போதும், அந்த இடம் பெட்டிக்குள் போய்விடும், அப்புறம் எந்தக் குழந்தையும் அங்கே போகலாம் என்று அவரே பெருமையாகச் சொன்னார். அடையாளம் வேண்டாம், பனைமரம் வேண்டாம், தேசிங்கு வேண்டாம். அறுபது வயதில், கையில் மீதி இருந்த ஒரே சொத்து ஒரு பொத்தானுக்குள் போய்விடும். அதற்கப்புறம் அவர் குப்பத்தில் இன்னொரு கிழவர். அவ்வளவுதான்.

முதல் நாள் தெற்கே கூட்டிப் போனார். லக்ஷ்மிநாராயணன் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு, பெட்டி சகிதம் ஃபைபர் படகின் நடுவில் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தார். விஞ்ஞானி என்பதால் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டார். சியாமளா கட்டியிருந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்தில் படகை நிறுத்தி, ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, தேசிங்கு வைத்தியர் நாடி பார்த்த தோரணையில் சொன்னார்: “மணல்.” 

ஆறு இடத்தில் இறக்கினார். ஆறும் மணல். இதில் அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது. மணலை மணல் என்றுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கரையை விட்டு வெகுதூரம் தென்கிழக்கே போனார்கள். மணல். 

அன்று கரை திரும்பியதும் லக்ஷ்மிநாராயணன் படகின் நிழலிலேயே சுருண்டு படுத்துவிட்டார். கன்னியம்மா சியாமளாவைக் கூட்டிப்போய், கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்தாள். தேசிங்கு சற்றுத் தள்ளி வலையோடு உட்கார்ந்து, காது இல்லாதவர் போல இருந்தார்.

“உங்கம்மா பொட்டு வெச்சுகினாங்களா?” கன்னியம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“கடைசி வரைக்கும். தந்தியில ‘காணவில்லை’ன்னுதானே போட்டிருந்தது. செத்துட்டார்னு ஒருத்தரும் எழுதித் தரலை. கல்யாணத்துக்குப் போனா, குங்குமம் கொடுக்கறதா வேண்டாமான்னு தட்டைக் கையில வெச்சுக்கிட்டு முழிப்பாங்க. அம்மா தானே கையை நீட்டி எடுத்துப்பாங்க.”

“திதி?”

“எந்த நாளுக்குக் கொடுக்கறது? எங்கே வெச்சுக் கொடுக்கறது?” சியாமளா டீயை ஊதினார். “எனக்கு அவரைத் தூக்கிட்டு வரணும்னெல்லாம் இல்லைம்மா. அம்பத்தஞ்சு வருஷத்துக்கப்புறம் என்ன இருக்கப்போறது. ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்துட்டா போதும். இங்கேதான் இருக்கார்னு.”

“எங்க ஊர்ல அப்பிடி வுட மாட்டாங்க” என்றாள் கன்னியம்மா. குரல் கொஞ்சம் உயர்ந்தது. “கடல்ல போனவன் எங்க போனான்னு தெரிஞ்சவன், அவன் வூட்டாளுங்கள இட்டுகினு போயி எடத்தக் காட்டணும். பகையாளியா இருந்தாலும் காட்டணும். பால் ஊத்திட்டு வரணும். மறைக்கக் கூடாது. மறைச்சா பஞ்சாயத்து சும்மா வுடாது.”

தேசிங்குவின் வலையில் அந்த நேரம் பார்த்து ஒரு முடிச்சு மிகவும் சிக்கலாக விழுந்துவிட்டது.

சியாமளா பஸ் ஏறிப் போனதும் கன்னியம்மா வந்து எதிரில் நின்றாள்.

“ஏன்யா, அடுத்த வாரமும் மணல்தானா?”

“உனக்கு இன்னாடி தெரியும் கடலப் பத்தி?”

“கடலப் பத்தித் தெரியாது. கோழிக் கூட்டுக் கதவு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும்.”

“ஏரோப்ளேன் கெடக்குதுன்னு தெரியும். உள்ள ஆளு கீறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?”

“இப்பத் தெரிஞ்சிருச்சு இல்ல?”

தேசிங்கு வலையைச் சுருட்ட ஆரம்பித்தார். கன்னியம்மா இருபது வருடமாக வாயில் வைத்திருந்ததை அன்றைக்குத் துப்பினாள்.

“உன் தம்பி எல்லப்பன் போனானே. அவன் கட்டுமரம் கவுந்தது எங்க? நரசிம்மன் எடத்துல. அவன் அதை மறைச்சிருக்கலாம். உன்னக் கூட்டிகினு போயி, அடையாளத்தோட காட்டுனான். பால் ஊத்துனே, அழுதே. எல்லாஞ் சரி. மறுவாரம் அதே எடத்துல போயி தூண்டி போட்டவன் யாரு?”

“அது வேற.”

“இன்னா வேற?”

இது வாழ்க்கைக் குறிப்பு என்பதால் மறைக்க முடியாது. அது உண்மை. 1979இல் நரசிம்மன் தன்னுடைய நல்ல இடத்தைச் செத்துப்போனவனுக்காகத் திறந்து காட்டினான். எட்டாம் நாள் தேசிங்கு அதே இடத்தில் இரண்டு கூடை சங்கரா பிடித்தார். நரசிம்மன் பஞ்சாயத்துக்குப் போகவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அன்றிலிருந்து தேசிங்குவின் படகுக்குப் பின்னால் வர ஆரம்பித்தான், அவ்வளவுதான். முப்பது கெஜ தூரத்தில் உட்கார்ந்து அவன் செய்த தவத்துக்கு மீன் ஆசை மட்டும்தான் காரணம் என்று தேசிங்கு இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறும் மணல்தான். 

திரும்பி வரும்போது லக்ஷ்மிநாராயணன் நாலு தடவை நேரம் குறித்து முடித்து, படகின் அடியில் கண்ணை மூடிக் கிடந்தார். சியாமளா எழுந்து வந்து தேசிங்குவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்களுக்குக் கழுத்து வலி ஏதாவது இருக்கா?”

“இல்லியே மேடம். ஏன்?”

“மூணு வாரமா பார்க்கறேன். கரையைப் பார்க்கறப்பல்லாம் தெற்குப் பக்கம்தான் பார்க்கறீங்க. வடக்குப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலை. மகாபலிபுரம் லைட் ஹவுஸ் அவ்வளவு உசரமா நிக்கறது. கரைக்கு வந்து படகை நிறுத்தறப்பகூட அதைப் பார்க்காமலேதான் நிறுத்தறீங்க. சுளுக்கு இருந்தாதான் மனுஷன் அப்படி இருப்பான்.”

தேசிங்கு அவசரமாக இஞ்சினின் வேகத்தைக் கூட்டினார். இருபத்தெட்டு வருடம் வாயைக் காத்தார். கன்னியம்மாவின் வாயைக் காத்தார். கழுத்தைக் காக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காத்த காவலே அதைக் காட்டிக்கொடுக்கும் என்று எந்தப் பாதுகாப்பு நிபுணரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

“முப்பத்துமூணு வருஷமா என் வேலையே பேச்சு கேட்கறதுதான்” என்றார் சியாமளா. “சொல்லாம விடறதும் காதுல விழும்.”

“மேடம், நான்...”

“வேண்டாம். விடுங்க. உங்க பொழைப்பு. சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.” லக்ஷ்மிநாராயணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பக்கம்தான்னு தெரிஞ்சுதே, அதுவே இத்தனை நாளைக்கு இல்லாதது.”

அப்புறம் அவர் முன்பலகைக்குப் போய், வடக்குப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கரை வருகிற வரைக்கும் அப்படியே இருந்தார். தேசிங்குவைத் திட்டியிருந்தால் அவர் திருப்பித் திட்டியிருப்பார். கெஞ்சியிருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் அவரிடம் பயிற்சி இருந்தது. இதற்கு இல்லை.

மறுநாள் காலையில் தனியாகத் தன் இடத்துக்குப் போனார். வழக்கம் போலத் தெற்கே சுற்றி, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் போனார்; பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. கல்லை இறக்கினார். தூண்டிலில் இரையை மாட்டினார். கையை நீட்டினார். கை நீட்டியபடியே நின்றது.

கீழே நாலு பேர். அவர்கள் கூரைமேல் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் மீன் பிடித்திருக்கிறார். அந்த மீனில் மகளுக்குக் கல்யாணம் செய்தார், வீட்டுக்கு ஓடு போட்டார், ஊரில் பேர் வாங்கினார். ஒரு நாளும் கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டதில்லை. கதவைப் பிய்த்து எடுத்துப்போய்க் கோழிக்குப் போட்டதோடு சரி.

“யாருக்குப்பா தெரியும்?” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் விவாதத்துக்கு வரவில்லை. இரையைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டு வெறும் படகோடு திரும்பினார். கரையில் யாரோ, “இன்னா அண்ணாத்த, இன்னிக்கும் மணலா?” என்று கேட்டு, பதில் வராததால் பயந்துபோனான்.

சாயந்திரம் புதுப்பட்டினம் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் சியாமளா வந்ததும், கடலில் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: “ஞாயித்துக்கெழம வாங்க மேடம்! பெட்டி வேணாம்!” பூத்துக்காரர் பயந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

அங்கிருந்து நேராக நரசிம்மன் வீட்டுக்கு நடந்தார். இருபது வருடத்தில் அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. நரசிம்மன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டான்.

“ஞாயித்துக்கெழம படகு ஓட்ட வரியா? நான் முன்னால நிக்கணும்.”

“எங்க?”

“வா, சொல்றேன்.”

“இன்னா மச்சான்,” என்றான் நரசிம்மன், ஜாக்கிரதையாக, “திரும்ப மணல்ல குந்தவெக்கப் போறியா? எனக்கும் வயசாயிட்டுது. வெயில் தாங்கல.”

“மணல் இல்ல.” தேசிங்கு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சாவு எடம்.”

நரசிம்மன் தட்டைக் கீழே வைத்தான். பிறகு உள்ளே திரும்பி, “அண்ணனுக்கு ஒரு தட்டு வையி” என்று பெண்டாட்டியிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாலு பேர் கிளம்பினார்கள். லக்ஷ்மிநாராயணன் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது மாதம் கடிதம் எழுதிய மனிதர், கடைசி நாளில் பொத்தானை அமுக்காமல் இருக்கச் சம்மதித்தார் என்பதை வாந்தியோடு சேர்த்து எழுதாமல் தனியாகக் குறிப்பிட வேண்டும். கன்னியம்மா ஒரு தூக்குவாளி நிறையப் பால் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

படகு தெற்கே சுற்றவில்லை. நேராகப் போனது. தேசிங்கு முன்பக்கம் நின்று, ஒரு கையால் நெற்றியில் வெயிலை மறைத்துக்கொண்டு, வடக்கே திரும்பினார். நெடுநேரம் அப்படியே நின்றார். “கொஞ்சம் கெழக்கால. போதும். நிறுத்து.”

கல் இறங்கியது. பதினான்கு பாகம். ஈயக் குண்டு அடியில் எதிலோ பட்டு, கயிறு வழியாக ஒரு சின்னத் தட்டல் கைக்கு வந்தது. தேசிங்கு கயிற்றை சியாமளாவின் கையில் கொடுத்தார். அவர் அதைத் தூக்கி, மெதுவாக இறக்கினார். தட்டியது. இன்னொரு தடவை தூக்கி இறக்கினார். தட்டியது.

சியாமளா பாலை ஊற்றினார். நீலத் தண்ணீரில் வெள்ளை சிறிது நேரம் நின்று, விரிந்து, இல்லாமல் போயிற்று. 

“அப்பா,” என்றார், அலுவலகத்தில் யாரையோ அறிமுகம் செய்துகொள்கிற குரலில், “நான் சியாமளா.” 

ஜானகிராமனுக்கு அந்தப் பெயர் தெரியாது. வைப்பதற்கு முன்பே போய்விட்டார். லக்ஷ்மிநாராயணன் இந்தத் தடவை நேரம் பார்க்கவில்லை. கைக்குட்டையும் மூக்குக்குப் போகவில்லை, கண்ணுக்குப் போயிற்று.

தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு சியாமளா கேட்டார்: “அடுத்த வருஷம் வரணும்னா? நீங்க இருப்பீங்களா?”

“நான் இல்லாட்டி இன்னா மேடம். கத்துக்கோங்க.” தேசிங்கு அவரை எழுப்பி நிற்கவைத்தார். தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் கையால் காற்றிலேயே திருப்பினார். “அதோ, சட்ராஸ் கரையில ரெட்டைப் பனை தெரியுதா? அதுக்குப் பின்னால பாருங்க, திருக்கழுக்குன்றம் மலை. மேல கோபுரம். ரெட்டைப் பனைக்கு நடுவுல கோபுரம் வந்து உக்காரணும். அது ஒண்ணு. இப்பிடித் திரும்புங்க. அதோ லைட் ஹவுஸ். அதுக்கு முன்னால சவுக்குத் தோப்பு. தோப்போட தெக்கு முனை லைட் ஹவுச பாதி மறைக்கணும். முழுசா மறைச்சா தாண்டிட்டீங்க. எங்க, சொல்லுங்க.”

சியாமளா சொன்னார். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். பின்னால் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரசிம்மன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது. காற்று பேச்சை அவன் பக்கம் வர விடவில்லை. வருடக்கணக்கில் இஞ்சின் சத்தத்தில் உட்கார்ந்து அவனுக்கு இடது காது கேட்பதில்லை என்பது குப்பம் முழுக்கத் தெரியும்.

தேசிங்கு திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு, படகின் பின்பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, ரெட்டைப் பனையிலிருந்து ஆரம்பித்து, இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.